மருந்து என்று சொல்லிவிட்டேன்

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி உங்கள் துறையில் இருந்து கேட்டார்கள். இரசாயனச் சேர்வைகளை எப்படிப் பிரிப்பது, கருவிகளை எப்படி இயக்குவது என்பதையெல்லாம் இப்போது அங்கே இருப்பவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் ஒரு மனிதரின் காலைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கால் போனதற்கு நான் காரணமில்லை. ஆனால் அவருடைய உயிர் போயிருந்தால் அதில் என் பங்கும் இருந்திருக்கும்.

அவர் பெயர் தம்பிராசா. மட்டக்களப்பு வாவியில் இறால் பிடிப்பவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வாவிக்கரைக் கண்டல் மரங்களின் வேர்களுக்கு அடியில் உள்ள சேற்றில் பலவகைப் பூஞ்சணங்கள் வாழ்கின்றன. நெருக்கடியான இடத்தில் பிழைப்பதற்காக அவற்றில் சில, பக்கத்தில் வரும் பற்றீரியாக்களைக் கொல்லும் பொருள்களை உண்டாக்கிக்கொள்கின்றன. அப்படியொரு பொருளைப் பிரித்தெடுத்து, அது என்றாவது மருந்தாக வருமா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. சேறு எடுக்க எங்களைத் தன் தோணியில் கூட்டிப்போனவர் தம்பிராசா அண்ணன். இரண்டு வருடம், பெரும்பாலும் கிழமைக்கு ஒரு தடவை.

நாங்கள் சேறு எடுத்த இடங்களுக்கு இலக்கம் போட்டிருந்தோம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நம்பரை வச்சி எப்பிடி மிஸ் ஒரு இடத்தைக் கண்டுபிடிக்கிற?" என்று கேட்டுவிட்டு ஒவ்வொரு இடத்துக்கும் தானே பெயர் வைத்தார். பதினான்காம் இடத்துக்கு மாமியார் குழி என்று பெயர். "காலை வச்சா விடாது, அதான்," என்றார். உண்மையில் அவருடைய மாமியார் நல்ல மனுசி. "அவட காதில போட்டிராதீங்க," என்று எங்களிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். பிறகு ஆய்வுகூடத்திலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. மாமியார் குழிச் சேற்றில் இருந்து வளர்த்த பூஞ்சணம் மாமி ஆனது.

மாமியை வளர்த்தவள் றிஸ்வானா. ஏறாவூர்ப் பிள்ளை. கலாநிதிப் பட்டத்துக்காக என்னிடம் சேர்ந்திருந்தாள். பொறுமைசாலி. பூஞ்சணம் உண்டாக்கிய நூற்றுக்கணக்கான பொருள்களில் இருந்து ஒன்றை மட்டும் தனியே பிரித்தெடுக்க அவளுக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. கடைசியில் கிடைத்தது மங்கிய வெள்ளை நிறத்தில் கொஞ்சம் தூள். பெருவிரல் நகத்தில் கொட்டினால் நகம் மூடாது. அதைக் கரைத்து, வழக்கமான மருந்துகளுக்கு மசியாத பற்றீரியா வளர்ந்திருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு வைத்தாள். மறுநாள் காலை அந்தச் சொட்டைச் சுற்றி வட்டமாகத் தெளிந்திருந்தது. அந்த வட்டத்துக்குள் ஒன்றும் உயிரோடில்லை.

இப்படியொரு வட்டத்தை முதன்முதலாகப் பார்க்கும் நாளில் உங்களுக்கும் கைகால் ஓடாது. அதை நான் தடுக்கப்போவதில்லை. சந்தோசப்படுங்கள்.

நான் அன்று செய்த பிழை வேறு. தம்பிராசா அண்ணன் இறால் கொண்டுவந்து தந்துவிட்டுப் போக வந்திருந்தார். உள்ளே கூட்டிக்கொண்டு போய் அந்தக் கிண்ணத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். "அண்ணன், உங்கட மாமியார் குழிக்குள்ள இருந்து ஒரு மருந்து வந்திருக்கு," என்றேன். அவர் கிண்ணத்தைக் கையில் வாங்காமல், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு போய் ஊரெல்லாம் சொன்னார். வாவிக்கரையில் சொன்னார், மீன் சந்தையில் சொன்னார், கோயிலில் சொன்னார். நான் கேள்விப்பட்டுச் சிரித்தேன். திருத்தவில்லை.

கிண்ணத்தில் ஒரு வட்டம் தெரிவதற்கும் அது மருந்தாவதற்கும் இடையில் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். மனிதரின் உயிரணுக்களை அது கொல்லுமா? இரத்தத்தில் போனால் எங்கே தங்கும்? எதன் வழியாக வெளியேறும்? பெரும்பாலான சேர்வைகள் இந்தக் கேள்விகளில் ஏதாவது ஒன்றில் விழுந்துவிடும். எனக்கும் அது தெரியும். அறிக்கைகளில் "பற்றீரியா எதிர்ப்புத் தன்மையுள்ள சேர்வை" என்றுதான் எழுதுவேன். ஆனால் தோணிக்காரரிடம் பேசும்போது எளிமையாகச் சொல்கிறேன் என்று நினைத்து, "மருந்து" என்று சொல்லிவிட்டேன். எளிமையாகச் சொல்வது வேறு, பிழையாகச் சொல்வது வேறு.

எட்டு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை, அவருடைய மனைவி பரமேஸ் ஆய்வுகூடத்துக்கு வந்தா. நான் அவவை இரண்டொரு தடவைதான் கண்டிருக்கிறேன். கையில் மடித்த ஒரு கடதாசி இருந்தது. கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

"அவர் ஆஸ்பத்திரியில, மிஸ்," என்றா. "மட்டி ஓடு கால்ல வெட்டிப்போட்டுது. அவருக்குச் சீனி வருத்தமெல்லோ, வெட்டினதே தெரியல்ல. நான்தான் நிலத்தில ரத்தத்தைக் கண்டன். ரெண்டு கிழமையா ஊசி போடுறாங்க, ஒண்டுக்கும் கேக்குதில்ல. காலைக் கழட்டவேணுமாம்."

கடதாசியை நீட்டினா. புண்ணில் இருந்து எடுத்த சீழைச் சோதித்த அறிக்கை. றிஸ்வானா என் தோளுக்குப் பின்னால் நின்று அதை வாசித்தாள். அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. எங்கள் கிண்ணத்தில் செத்துக் கிடந்த அதே பற்றீரியாவின் பெயர்.

"அந்த மருந்தைத் தாங்க மிஸ்," என்றா பரமேஸ். "அவர்தானே அந்தச் சேத்தை எடுத்துத் தந்த. குடிக்கக்கூட வேணாம். புண்ணில பூசிப் பாத்தாக் காணும்."

அப்போது எனக்கு முன்னால் ஒரு நேரான வழியும் ஒரு வசதியான வழியும் இருந்தன. நான் வசதியானதைப் பிடித்துக்கொண்டேன்.

"அதை அப்பிடிக் குடுக்கேலாது பரமேஸ். சட்டம் இருக்கு. நெறிமுறைக் குழுவிட்ட அனுமதி எடுக்க வேணும். கம்பஸ் விடாது."

பரமேஸ் என் முகத்தைப் பார்த்தா.

"நான் சட்டத்தையா கேட்டன்? உங்களையெல்லோ கேட்டன்."

கடதாசியை என் கையில் இருந்து மெதுவாக எடுத்து, முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போய்விட்டா.

றிஸ்வானா கதவைப் பார்த்தபடி நின்றாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். அவள் என்னோடு குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு நாள்தான்.

"கால் எப்பிடியும் போகப்போகுது மிஸ். குடுத்துப் பாக்கிறதில இழக்க என்ன இருக்கு?"

இந்தக் கேள்வி உங்களிடமும் ஒரு நாள் வரும். மிகவும் அன்பான மனிதர்களின் வாயிலிருந்துதான் வரும். அன்று நான் சொன்ன மறுமொழி இதுதான்: "கால் போகும் எண்டுதான் டொக்டர் சொல்லியிருக்கார். உயிர் போகும் எண்டு சொல்லல்லையே. அது அவரிட்ட இன்னும் இருக்கு."

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தத் தூள் இருந்த குளிர்சாதனப் பெட்டிப் பூட்டின் திறப்பை எடுத்து, என் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது உங்களிட்டயே இருக்கட்டும் மிஸ். என்னட்ட இருந்தா நான் குடுத்திருவன்."

முப்பது வருடத்தில் எத்தனையோ மாணவர்கள் என்னோடு வேலை செய்திருக்கிறார்கள். தன்னால் ஏலாது என்பதை இவ்வளவு நேர்மையாக ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வட்டத்தைக் கண்ட நாளில் அல்ல, அன்றுதான் அவள் ஆராய்ச்சியாளரானாள் என்று எனக்குப் பட்டது.

ஆனால் திறப்பு இப்போது என் கையில் இருந்தது. என் கை மட்டும் நம்பத்தகுந்ததா?

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தாளை எடுத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எவ்வளவு தூள் இருக்கிறது, எதில் கரைக்கலாம், புண் எவ்வளவு பெரியது, எத்தனை நாளைக்குப் பூசலாம் என்று வரிவரியாக எழுதினேன். எழுத எழுத அது நடக்கக்கூடிய காரியம் போலவே தெரிந்தது. கடைசி வரிக்கு வந்தேன். ஒரு மனித உடம்பு இதில் எவ்வளவைத் தாங்கும்? அந்த இடத்தில் எழுத என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. சிறுநீரக உயிரணுக்களில் சோதித்துச் சொல்லும்படி வேறொரு ஆய்வுகூடத்துக்கு ஒரு துளித் தூளை அனுப்பியிருந்தோம். மறுமொழி வரவில்லை. நீரிழிவு உள்ளவருக்குச் சிறுநீரகம் முன்பே நலிந்திருக்கவும் கூடும். அந்த ஓரிடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்ற வரிகளையெல்லாம் எவ்வளவு அழகாக நிரப்பியிருக்கிறேன் என்று பார்த்தபோது எனக்கே பயம் வந்தது. தாளைக் கிழித்தேன்.

பிறகு வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். என் முன்னைய மாணவி ஒருத்தியின் கணவர் அங்கே டொக்டராக இருந்தார். தம்பிராசா அண்ணனுக்கு எப்படி என்று விசாரிக்கத்தான் எடுத்தேன்.

"காலை எடுக்க அவர் கையெழுத்து வைக்கிறார் இல்ல மேடம்," என்றார் அவர். "ரெண்டு நாளாச் சொல்லுறம். காய்ச்சல் ஏறிக்கொண்டு போகுது. கிருமி ரத்தத்தில கலந்தா எங்களால ஒண்டும் செய்யேலாது. கேட்டா, கம்பஸில இருந்து மருந்து வரும் எண்டு சொல்லுறார்."

தொலைபேசியை வைத்தேன். மருந்தைக் கொடுப்பதா விடுவதா என்பதுதான் கேள்வி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நான் சொன்ன மருந்து என்ற ஒரு சொல் ஏற்கெனவே அந்தக் கட்டிலருகில் போய் உட்கார்ந்து, அவருடைய கையைப் பிடித்து வைத்திருந்தது.

ஓட்டோ பிடித்து மட்டக்களப்புக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிலோ திராட்சை வாங்கினேன். படியில் பாதி ஏறிய பிறகுதான், சீனி வருத்தக்காரருக்குத் திராட்சை கொண்டுபோகிறேன் என்பது உறைத்தது. கைக்குழந்தையோடு படியில் இருந்த ஒரு பிள்ளையின் மடியில் பையை வைத்துவிட்டு மேலே போனேன். அந்தப் பிள்ளை என்ன நினைத்ததோ தெரியாது.

தம்பிராசா அண்ணன் மெலிந்திருந்தார். பரமேஸ் கட்டிலின் மறுபக்கம் நின்றா. என்னைக் கண்டதும் அவர் எழும்பப் பார்த்தார்.

"வாங்க மிஸ். எனக்குத் தெரியும் நீங்க வருவீங்க எண்டு." அவருடைய கண் என் தோள்பையில் நின்றது. "கொண்டாந்தீங்களா?"

"இல்ல அண்ணன். கொண்டரல்ல. கொண்டரவும் மாட்டன்."

பரமேஸ் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டா.

"காலையில பரமேசுக்குச் சட்டம் விடாது எண்டு சொன்னன்," என்றேன். "சட்டம் விடாதுதான். ஆனா நான் அதுக்குப் பின்னால ஒளிச்சிட்டன். அது மருந்தில்ல அண்ணன். மருந்து எண்டு உங்களுக்குச் சொன்னது என்ட பிழை."

"கிருமி செத்துக் கிடந்ததை என்ட கண்ணால பாத்தனே மிஸ்."

"கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ள சாகுது. அதுக்குள்ள மண்ணெண்ணெய் ஊத்தினாலும் சாகும். உங்கட புண்ணில மண்ணெண்ணெய் ஊத்தலாமா?"

அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"புண்ணில பூசினா ரத்தத்துக்குள்ள போகும். மறுகா கிட்னிக்குப் போகும். அங்க என்ன செய்யும் எண்டு கேட்டு அனுப்பியிருக்கன். இன்னும் மறுமொழி இல்ல. எனக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாது அண்ணன்."

இரண்டு வருடம் தோணியில் அவர் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் மறுமொழி சொல்லியிருக்கிறேன். தெரியாது என்ற சொல்லை அவர் என் வாயால் கேட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மூடியபடியே கேட்டார்.

"உங்கட கூடப்பிறந்த அண்ணன் இந்தக் கட்டில்ல கிடந்தா?"

"குடுக்க மாட்டன். டொக்டர் சொல்லுறதைச் செய்யுங்க எண்டு காலைப் பிடிச்சுக் கெஞ்சுவன்."

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே மிஸ்."

"நான் சொன்னதாலதானே நீங்க சொன்னீங்க. என்னைத்தான் ஏசவேணும்."

அவர் என்னை ஏசவில்லை. பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பரமேஸின் தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. ஆனால் சத்தம் வரவில்லை.

"ஒரு காலோட தோணியில நிக்கேலுமா?" என்று கேட்டார்.

"அதுவும் எனக்குத் தெரியாது. டொக்டரைக் கேப்பம்."

அவருடைய உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. "இண்டைக்கு உங்களுக்கு ஒண்டுமே தெரியாது போல," என்றார். பிறகு, "பரமேசு, அந்தக் கையெழுத்துக் கடதாசியைக் கொண்டரச் சொல்லு," என்றார்.

அவர் கையெழுத்து வைத்தார். கடதாசி இருந்த பலகையை நான்தான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலை முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது.

சோதனை முடிவு வருவதற்கு மேலும் ஆறு கிழமை எடுத்தது. மின்னஞ்சலைத் திறந்தவள் றிஸ்வானா. வாசித்துவிட்டு எழும்பிப் போய் யன்னலருகே நின்றாள். நான் அவளுடைய கதிரையில் இருந்து வாசித்தேன். எங்கள் சேர்வை சிறுநீரக உயிரணுக்களைக் கொன்றிருந்தது. பற்றீரியாவைக் கொல்லத் தேவைப்படும் அளவைவிடக் குறைந்த அளவிலேயே கொன்றிருந்தது. பூசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். அந்த மின்னஞ்சல் வந்ததால் நான் எடுத்த முடிவு சரியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஒரு தீங்கும் இல்லை என்று அது வந்திருக்கவும் கூடும். அப்படி வந்திருந்தால் தம்பிராசா அண்ணனின் காலை நினைத்து நான் வாழ்நாள் முழுக்க அழுதிருப்பேன். ஆனாலும் அந்தத் திங்கட்கிழமை நான் எடுத்திருக்க வேண்டிய முடிவு அதேதான். முடிவு எடுக்கும் நேரத்தில் நம் கையில் என்ன இருந்தது என்பதை வைத்துத்தான் நம்மை நாம் விசாரிக்கலாம். அந்த விசாரணையில் எனக்கு விடுதலை இல்லை. எட்டு மாதம் முந்தி, ஒரு கிண்ணத்தைக் காட்டிய நேரத்தில், சரியான சொல் என் கையில் இருந்தது. நான் வேறு சொல்லைக் கொடுத்தேன்.

முடிவை அவர்களுக்குச் சொல்வதற்காக அந்தச் சனிக்கிழமை றிஸ்வானாவைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். "நீதான் சொல்ல வேணும்," என்று ஓட்டோவில் வைத்து அவளிடம் சொன்னேன். "உன்ட சேர்வை."

தம்பிராசா அண்ணன் முற்றத்து வேம்பின் கீழ்க் கதிரையில் இருந்தார். காலின் மிச்சத்தை ஒரு வெள்ளைத் துணியால் சுற்றி, இன்னொரு கதிரையில் நீட்டி வைத்திருந்தார். றிஸ்வானா அவருக்கு முன்னால் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை. எங்களுக்குத் தெரிந்தது இது, இப்போதும் தெரியாதது இது என்று பிரித்துச் சொன்னாள். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

"அப்ப பூசியிருந்தா?" என்று கேட்டார் அவர்.

"கிட்னி போயிருக்கலாம் ஐயா. நிச்சயமாச் சொல்லேலாது. ஆனா போயிருக்கலாம்."

அவர் தலையாட்டினார். குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பரமேஸ் அப்போதுதான் முற்றத்துக்கு வந்தா. ஆஸ்பத்திரியில் கண்டதற்குப் பிறகு அவ என்னோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. பேசச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

"தராததுக்கு எனக்குக் கோவமில்ல மிஸ்," என்றா. "அண்டைக்கு நீங்க வராம விட்டிருந்தா, அதுக்குத்தான் சாகுமட்டும் கோவம் இருந்திருக்கும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பரமேஸ் றிஸ்வானாவின் பக்கம் திரும்பினா. "அப்ப புள்ள, நீ செய்த வேலை? அது என்ன ஆகும்?"

"அது முடிஞ்சிது அக்கா," என்றாள் றிஸ்வானா. "அதால இனி மருந்து வராது." சாதாரணமாகச் சொல்லத்தான் பார்த்தாள். "மூண்டு வருசம்," என்று தொடங்கியவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. மின்னஞ்சல் வந்த நாளில் இருந்து அவள் அழவில்லை. இப்போது, கால் இழந்த மனிதரின் முற்றத்தில், அதற்காக அழுகிறோமே என்ற வெட்கத்தோடு சேர்த்து அழுதாள்.

"இஞ்ச பாரு," என்று பரமேஸ் அவளுடைய தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டா. "எங்களுக்கு ஒரு கால் போயிற்று, உனக்கு மூண்டு வருசம் போயிற்று. அழத்தானே வேணும். அழு, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க."

தம்பிராசா அண்ணன் வாவிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கமே பார்த்தேன்.

அழுது முடிந்ததும் பரமேஸ் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவ வைத்தா. பிறகு எங்களை உள்ளே கூப்பிட்டு இருத்தி, சோறும் இறால் கறியும் போட்டா. றிஸ்வானா முதலில் கூச்சப்பட்டு, கொஞ்சம் போதும் என்றாள். இரண்டாம் தரம் பரமேஸ் கேட்காமலே போட்டா. அவள் அதையும் சாப்பிட்டாள்.